கார்செட்டும் கயிற்றை இழுத்த கையும்

எங்க அக்கா மகளுக்குப் போன தை மாசம் கல்யாணம். மாலை வரவேற்புக்குப் போட்டுக்கொள்ள அவள் தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்கிவர நாங்கள் இரண்டு பேரும் விழுப்புரம் போயிருந்தோம். 'கார்செட் ஜாக்கெட்' என்று இப்போது பேர். மார்புக்குக் கீழிருந்து இடுப்பு வரை உள்பக்கம் வரிசையாக பிளாஸ்டிக் பட்டைகளை வைத்துத் தைத்து, முதுகில் இரண்டு ஓரமும் உலோக வளையங்கள் அடித்து, குறுக்கும் மறுக்குமாகக் கயிறு கோத்திருந்தார்கள். கடையின் திரைக்குப் பின்னால் நின்று போட்டுப் பார்த்தாள். பின்னால் கட்டுகிற சாமான். அவள் கையால் இழுக்க முடியாது. "இன்னும் கொஞ்சம் இறுக்கு சித்தி" என்றாள். இழுத்தேன். "இன்னும்." இழுத்தேன். அவள் மூச்சு சிறுத்துப்போவது என் கைக்குத் தெரிந்தது.

கயிற்றை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டேன். வெள்ளைக்காரப் பெண்களை முந்நூறு நானூறு வருசம் அடைத்துவைத்த கூண்டுடி இது, அவளே கழற்றி வீசினதை நீ காசு கொடுத்து வாங்கறியே என்று கூட்டத்தில் பேசுவதுபோலவே பேசினேன். அவள் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆயா ரவிக்கை போடக் கூடாதுன்னு ஊர்க்காரங்க சொன்னாங்க. நான் இதப் போடக் கூடாதுன்னு நீ சொல்ற. என்னா வித்தியாசம்?"

எம்.ஏ. தமிழ் படித்தவள், பத்து வருசமாக மேடையேறிப் பேசுகிறவள், எனக்குப் பதில் வரவில்லை. ஒருத்தி தானே விரும்பி ஏற்கிற இறுக்கத்தை அடிமைத்தனம் என்று சொல்ல இன்னொருத்திக்கு உரிமை உண்டா? உண்டென்றால் எங்கே நின்றுகொண்டு அதைச் சொல்வது? அந்தத் திரைக்குப் பின்னால் எனக்குப் பிடிபடாத பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கார்செட்டின் கதை. ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் அரசவைப் பெண்களிடம் தொடங்கிய உடுப்பு இது. உடம்பின் மேற்பாதியை ஒரு புனல் மாதிரி விறைப்பாக நிறுத்துவதுதான் அன்றைக்கு நோக்கம். அதற்குள் வைத்துத் தைத்த பட்டைகளைத் திமிங்கில எலும்பு என்று சொல்வார்கள். உண்மையில் அது எலும்பு இல்லை. பல்லில்லாத திமிங்கிலங்களின் வாயில், இரையை வடிகட்டச் சீப்பு மாதிரி தொங்கும் தகடு. நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருள்தான். சூடாக்கினால் வளையும், ஆறினால் அந்த வடிவத்திலேயே நிற்கும். இந்தத் தகட்டுக்கும் எண்ணெய்க்குமாகக் கடல் கடலாகப் போய்த் திமிங்கிலங்களைக் கொன்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் எஃகுப் பட்டை வந்தது. 1820களில் உலோக வளையம் வந்தது. அதற்கு முன்னால் கயிற்றை ரொம்ப இழுத்தால் துணி கிழிந்துவிடும். வளையம் வந்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம் என்றாகிவிட்டது. தையல் இயந்திரம் வந்ததும் தொழிற்சாலையில் ஆயிரம் ஆயிரமாகத் தைத்துத் தள்ளினார்கள்.

எதிர்ப்பும் கூடவே வந்தது. 1762இல் ரூசோ தன் 'எமீல்' நூலில் இதைக் கண்டித்தார். 1788இல் சோமரிங் என்ற ஜெர்மானிய உடற்கூறியலாளர், இறுக்கிக் கட்டுவதால் உடம்புக்கு வரும் கேடுகளை விளக்கி எழுதினார். 1881இல் லண்டனில் பகுத்தறிவு ஆடைச் சங்கம் என்றே ஓர் அமைப்பைப் பெண்கள் தொடங்கினார்கள். இந்த எதிர்ப்புகளில் என் போன்றவர்களை அதிகம் ஈர்த்தது தோர்ஸ்டைன் வெப்லன் 1899இல் ஓய்வு வர்க்கத்தைப் பற்றி எழுதிய நூலில் சொன்னதுதான். பெண்ணின் உடம்பை வேலைக்கு லாயக்கில்லாததாக ஆக்கி, 'பார், என் வீட்டுப் பெண் வேலை செய்யத் தேவையில்லாதவள்' என்று கணவனின் செல்வத்தை ஊருக்குக் காட்டுகிற உறுப்புச் சிதைவுதான் கார்செட் என்பது அவர் வாதம். நான் கடையில் பேசியதும் இதன் எச்சம்தான்.

வாதம் சரி. ஆனால் பாதிதான் சரி. வெப்லன் கூண்டைப் பார்த்தார், கூண்டுக்குள் இருந்தவளைப் பார்த்தார். அவள் முதுகுக்குப் பின்னால் நின்றவளைப் பார்க்கவில்லை.

பின்னால் கட்டுகிற உடுப்பு அது. சீமாட்டி தானே இழுத்துக்கொள்ள முடியாது. தினமும் காலையில் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு வேலைக்காரி நின்றாக வேண்டும். 'என்னால் வேலை செய்ய முடியாது' என்று அந்த உடம்பு ஊருக்குச் சொல்ல, வேலை செய்கிற இன்னொரு உடம்பு பக்கத்திலேயே நின்றிருக்கிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அந்தக் கை அடிமைப் பெண்ணின் கை. அந்தப் பருத்தியும் அடிமைகள் பறித்தது. 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கும் வரைக்கும் பிரிட்டிஷ் ஆலைகளுக்குப் போன பருத்தியில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போனது.

இந்தக் காட்சியை உலகமே பார்த்திருக்கிறது. 1939இல் வெளிவந்த 'கான் வித் தி விண்ட்' படத்தில் ஸ்கார்லெட் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மம்மி என்று கூப்பிடப்படும் கறுப்புப் பெண் அவள் முதுகுக் கயிற்றை இழுத்துக் கட்டுவாள். மூல நாவலில் ஸ்கார்லெட்டின் இடுப்பு 17 அங்குலம், சுற்றுவட்டாரத்திலேயே சிறியது என்று பெருமையாக வரும். அந்த அளவைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. இழுத்தவளுக்கு அந்தக் கதையில் சொந்தமாக ஒரு பெயர்கூடக் கிடையாது. அந்த வேடத்தில் நடித்தவர் ஹாட்டி மெக்டேனியல். அவருடைய தகப்பனார் அடிமையாகப் பிறந்தவர். அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சி விழாவுக்கு அவரால் போக முடியவில்லை, அங்கே நிறவெறிச் சட்டம் நடந்தது. 1940இல் அதே வேடத்துக்காக ஆஸ்கர் விருது வாங்கிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். விருது கொடுத்த விழாவிலும் அவரைச் சுவரோரமாகப் போட்ட தனி மேசையில்தான் உட்காரவைத்தார்கள். தனிக் குவளை தெரிந்த நமக்குத் தனி மேசையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கயிற்றுக்கு உள்ளே இருந்தவளுக்கு வலி இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. மூச்சு முட்டியது, விலா எலும்பு உருமாறியது. ஆனால் ஒரு வலி இன்னொரு வலியின் முதுகில் ஏறி நிற்கும்போது, இரண்டையும் சேர்த்து 'பெண்களின் வலி' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட முடியாது. ஒடுக்கப்படுகிறவளே இன்னொருத்தியை ஒடுக்குகிறவளாகவும் இருக்க முடியும் என்பதைச் சாதிக்குள் வாழ்கிற நாம் எந்தப் புத்தகமும் படிக்காமலே அறிந்திருக்கிறோம்.

கதை இதோடு முடிந்திருந்தால் என் வேலை சுலபம். கார்செட் எசமானியின் உடுப்பு, ஒழியட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கயிற்றை இழுத்த வேலைக்காரியும் கார்செட் போட்டாள் என்பதுதான் சிக்கல்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில், முன்பக்கம் கொக்கி மாட்டித் தானே போட்டுக்கொள்ளும் கார்செட் பரவலானது. இன்னொரு ஆள் துணை வேண்டாம். விலையும் இறங்கியது. இங்கிலாந்தில் லெஸ்டர்ஷையர் பகுதியில் மார்க்கெட் ஹார்பரோ என்ற ஊரில் சிமிங்டன் நிறுவனம் இருந்தது. அது 1880களில் வீட்டு வேலைக்காரிகளுக்கென்றே ஒரு கார்செட்டை விற்றது. அதன் பெயரே 'அழகிய வேலைக்காரி'. மலிவானது, உறுதியானது என்பதுதான் விளம்பரம். விலை உயர்ந்த திமிங்கிலத் தகடுக்குப் பதிலாக முறுக்குக் கயிறுகளை உள்ளே வைத்துத் தைத்திருந்தார்கள். குனிந்து தரை தேய்க்கிறவள், கரி வாளி தூக்குகிறவள், அதையும் போட்டுக்கொண்டுதான் தேய்த்தாள், தூக்கினாள். வெப்லன் சொன்ன 'வேலைக்கு லாயக்கில்லாத உடம்பு' இவளுக்கு எப்படிப் பொருந்தும்?

ஏன் போட்டாள்? 'எசமானியைப் பார்த்துப் போலி செய்கிறாள்' என்பது எசமானியின் பதில். 'பஞ்ச்' பத்திரிகை, எசமானி மாதிரியே அகலப் பாவாடை கட்டிக்கொண்ட வேலைக்காரிகளைக் கேலிச்சித்திரமாகப் போட்டுச் சிரித்தது. ஆனால் அந்த ஊர்ப் பேச்சை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒழுக்கம் தவறியவளை 'தளர்ந்தவள்' என்று சொல்கிற வழக்கம் உண்டு. ஒழுக்கத்தில் கண்டிப்பானவரை 'இறுக்கிக் கட்டியவர்' என்கிற வழக்கும் உண்டு. கட்டாத உடம்பு யார் வேண்டுமானாலும் கைவைக்கலாம் என்று திறந்துகிடக்கும் உடம்பு. வேலைக்காரி கார்செட் வாங்கியபோது அவள் வாங்கியது சிறிய இடுப்பு மட்டும் இல்லை. 'நான் மலிவானவள் இல்லை' என்று சொல்லும் ஒரு வாசகத்தையும் தன் கூலியில் வாங்கினாள். ஆடை வரலாற்றாளர் வேலரி ஸ்டீல் 2001இல் எழுதிய நூலில், எல்லாப் பெண்களும் மூச்சு நிற்கும்வரை இறுக்கினார்கள் என்பது மிகை, கார்செட்டுக்கு ஒவ்வொருத்தியிடமும் ஒவ்வொரு பொருள் இருந்தது என்று வாதிடுகிறார். மரியாதையும் அப்பொருள்களில் ஒன்று.

இந்த இடத்தில்தான் எங்க ஆயா வந்து நிற்கிறாள்.

ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கல்யாணமாகி எங்க ஊருக்கு வந்த புதிதில், சந்தையில் துணி எடுத்து ஒரு வெள்ளை ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டு நடவுக்குப் போயிருக்கிறாள். வரப்பில் நின்ற நிலக்காரர் வீட்டம்மா, "இன்னாடி, எனக்குச் சமமா ஒனக்கும் ரவிக்கை கேக்குதா?" என்று கேட்டாளாம். ஆயா வரப்பு மறைவில் போய்க் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு நாற்று நட்டாள். அப்புறம் பல வருசம் அப்படித்தான். "ஊர்த் தெரு முடியற வரைக்கும் மடியில, தாண்டிட்டா தோள்ல" என்று இன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் சொல்லும். சொல்லும்போது கை தானாகத் தோளைத் தொடும்.

உடுப்பை வைத்துச் சாதியைக் காட்டுவது நம் மண்ணில் அரசாணையாகவே இருந்தது. இன்றைய குமரி மாவட்டம் அடங்கிய தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காக நடத்திய போராட்டம் நாம் அறிந்ததுதான். 1829இல் அரசு அவர்களுக்கு மேல்சாதிப் பெண்களைப் போல் மேலாடை அணியும் உரிமையை மறுத்தது. 1859 ஜூலையில் மறைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தபோதும், மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தது. கவனியுங்கள், உடம்பு மறைவதில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை, ஒன்றுபோலத் தெரிவதில்தான் சிக்கல். அங்கே அந்தப் பெண்களுக்குக் குப்பாயம் தைத்துக் கொடுத்த மிஷனரிப் பெண்களோ கார்செட் போடுவதே ஒழுக்கம் என்ற நாட்டிலிருந்து வந்தவர்கள். கொல்லத்தில் 1915இல் அய்யன்காளி முன்னிலையில் புலையர் பெண்கள் தங்கள் சாதிக்கென்று விதிக்கப்பட்ட கல்மாலைகளை அறுத்தெறிந்தார்கள். 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டில் பெண்களிடம் பேசிய அம்பேத்கர், தீண்டாதவர் என்று அடையாளம் காட்டும் முழங்கால் சேலைக்கட்டையும் கனத்த உலோக நகைகளையும் விட்டுவிடுங்கள், மற்றப் பெண்களைப் போலக் கட்டுங்கள் என்றார்.

அம்பேத்கர் போலி செய்யச் சொன்னாரா? இல்லை. இழிவின் முத்திரையை அழிக்கச் சொன்னார். அப்படியானால் 'அழகிய வேலைக்காரி' கார்செட் வாங்கியவளையும் நான் வெறும் போலி என்று கேலி செய்ய முடியாது. செய்தால் நான் 'பஞ்ச்' பத்திரிகையின் பக்கத்தில் போய் நிற்கிறேன். வரப்பில் நின்ற நிலக்காரர் வீட்டம்மாவின் பக்கத்திலும்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று உறுத்துகிறது. ரவிக்கை ஆயாவின் உடம்புக்கு இடைஞ்சல் செய்யவில்லை. கார்செட் செய்தது. மரியாதையை எசமானியின் உடுப்பிலிருந்து எடுக்கும்போது அதோடு எசமானியின் அளவும் சேர்ந்து வந்துவிடுகிறது. 'நானும் மனுசி' என்று சொல்ல ஆரம்பித்தவள், 'என் இடுப்பும் இத்தனை அங்குலம்' என்று சொல்வதில் போய் முடிகிறாள். மரியாதை பிறப்பிலேயே உள்ளது, அளந்து தருவதல்ல என்பதுதான் நம் அரசியல். அளவுநாடாவைக் கையில் வைத்திருக்கிறவன் ஒரு அங்குலம் கூட்டினால், ஒரு அங்குலம் குறைத்தால், நாம் மறுபடியும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இன்றைக்கு நிலைமை வேறு என்று என் அக்கா மகள் வயதுப் பிள்ளைகள் சொல்வார்கள். முதல் உலகப் போரின் காலத்தில் பெண்கள் வேலைக்கு இறங்கியதும் பழைய கார்செட் தேய்ந்தது. 1947இல் டியோர் சிறுத்த இடுப்பை மறுபடி கொண்டுவந்தார். 1987இல் விவியன் வெஸ்ட்வுட் உள்ளாடையாக இருந்ததை மேலாடையாக்கினார். 1990இல் மடோனா, கோல்தியே தைத்த கார்செட்டோடு மேடையேறினார். ஒளித்துவைத்த அடிமைச் சின்னத்தை வெளியில் போட்டு 'இது என் ஆயுதம்' என்று காட்டுவது ஒரு கலகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கலகத்தையும் கடைக்காரன் விற்பான். 2015 வாக்கில் 'இடுப்புப் பயிற்சிப் பட்டை' என்ற பெயரில் அதே கார்செட் உலகமெங்கும் விற்றது. கயிறே இல்லாமல் பட்டினியால் இறுக்கிக்கொள்கிற பெண்கள் இன்னொரு பக்கம். கயிறு வெளியே இருந்தவரை அவிழ்க்க ஒரு முடிச்சாவது இருந்தது.

ஆகவே 'போடலாமா, கூடாதா' என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன். அந்தக் கேள்வியை ஊர்ப் பஞ்சாயத்தும் கேட்கிறது, கல்லூரி நிர்வாகமும் கேட்கிறது. அவர்களோடு சேர்ந்து கேட்க எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பதில் மூன்று கேள்விகள். இதைக் கழற்றினால் உனக்கு என்ன தண்டனை? எவருடைய அளவு இது? இதற்காக யார் கை வேலை செய்கிறது? முதல் இரண்டும் போடுகிறவள் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியவை. அவற்றுக்கு நான் அவள் சார்பில் பதில் சொல்ல முடியாது. வேலைக்காரி கார்செட்டைக் கழற்றியிருந்தால் அவள் பேர் கெட்டிருக்கும், வேலையும் போயிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் 'அவளாக விரும்பித்தான் போட்டாள்' என்று சொல்வது ஏமாற்று. கழற்றினாலும் ஒன்றும் குறையாத இடத்தில் 'அடிமை' என்று சொல்வதும் ஏமாற்றுதான்.

மூன்றாவது கேள்வி நம் எல்லாருக்கும் உரியது. அதைத் தவிர்த்துவிட்டுப் பேசுகிற உடல் விடுதலை எனக்கு அரைகுறையாகத்தான் படுகிறது. 1912இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ கார்செட் கம்பெனியின் பெண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குறைந்த கூலி, தைக்கிற நூலைக்கூடத் தங்கள் காசில் வாங்க வேண்டும், மேற்பார்வையாளர்களின் பாலியல் தொல்லை - இவைதான் காரணங்கள். நீதிமன்றம் மறியலுக்குத் தடை போட்டது. தடையை மீறியவர்களைச் சிறையில் வைத்தார்கள். 1915இல் பிரிட்ஜ்போர்ட் நகரில் வார்னர் கார்செட் ஆலைப் பெண்கள் வேலையை நிறுத்தி 8 மணி நேர வேலையை வென்றார்கள். அதே 1915இல்தான் கொல்லத்தில் கல்மாலைகள் அறுந்து விழுந்தன. கார்செட்டின் வரலாறு என்று அச்சாகிற படப்புத்தகங்களில் இடுப்புகள் நிறைய இருக்கின்றன. இந்தக் கைகள் குறைவு.

வரவேற்பு அன்றைக்கு நான்தான் கயிற்றைக் கட்டிவிட்டேன். எவ்வளவு என்று அவளையே கேட்டுக் கேட்டுக் கட்டினேன். ஆயா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னாடி இது, போரடிக்கற மாட்டுக்கு வாய்க்கூடு போட்ட மாதிரி" என்றாள். எல்லாரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். போட்டோ எல்லாம் எடுத்து முடிந்து பந்திக்கு உட்காரும்போது என்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் தளத்தி வுடு சித்தி, சோறு எறங்கல" என்றாள். தளர்த்திவிட்டேன். அவளைத் தடுக்கவும் யாருமில்லை, பேர் கெட்டது என்று சொல்லவும் யாருமில்லை. அந்த அளவுக்கு நாம் வந்திருக்கிறோம். அதற்கு ஆயா நடந்த தெரு காரணம்.

கல்யாணம் முடிந்த பிறகு அந்த மூன்றாவது கேள்வியோடு கடைக்குப் போனேன். ஜாக்கெட்டைத் தைத்தது கடையில் இல்லை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பி வாங்குகிறார்களாம். விசாரித்துப் போனால், நகரத்து ஓரத்தில் நம்ம சனங்க இருக்கிற காலனியில்தான் ஒரு அக்கா தைக்கிறார். பட்டை வைத்துத் தைப்பதும் வளையம் அடிப்பதும் ரொம்ப வேலை பிடிக்கும், விரல் மரத்துப்போகும் என்றார். எங்களிடம் கடையில் மூவாயிரம் ரூபாய் வாங்கினார்கள். அவருக்குக் கிடைத்தது இருநூற்றைம்பது. பேசிக்கொண்டே இருந்தவள், மிசின் மேலிருந்த நூற்கண்டைப் பார்த்துவிட்டுக் கேட்டேன்:

"நூல் கடைக்காரங்க குடுக்கறாங்களாக்கா?"

"இல்ல கண்ணு, நூலு நம்ப காசுதான்."